எஃப்.யூ.டி-யா? எஃப்.யூ.இ-யா? முடி நடப் போகும் தம்பிகளுக்கு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஓ.பி-யில் கூட்டம் வாசல் வரை நின்றது.

தலையில் கர்ச்சீப் கட்டிய ஒரு தம்பி உள்ளே வந்தார். கையைப் பிடித்துக் கூட்டி வந்தது அவருடைய அம்மா. வயது 27. சிங்கப்பூரில் வேலை. மூன்று வார லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.
(அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவுக்கு வீக்கம்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் டாக்டர். காலைல எந்திரிச்சா மூஞ்சியே மாறிப் போச்சு" என்று அம்மா அழுகிறார்.

கர்ச்சீப்பை அவிழ்த்ததும் விஷயம் புரிந்தது. நான்கு நாட்களுக்கு முன் வெளியூரில் ஒரு சென்டரில் முடி நட்டிருக்கிறார்.

"பயப்படாதீங்கம்மா. தலையில போட்ட ஊசி மருந்தும் நீரும் நெத்தி வழியா கண்ணுக்கு இறங்கியிருக்கு. ரெண்டு மூணு நாள்ல வத்திடும்" என்றேன். அது உண்மைதான். முடி நட்ட மூன்றாம், நான்காம் நாளில் பலருக்கு வருகிற வீக்கம் இது.

ஆனால் அடுத்து நான் கேட்ட எதற்கும் அந்தத் தம்பியிடம் பதில் இல்லை.

யார் செய்தது?
"வெள்ளை கோட் போட்டிருந்தாங்க சார். டாக்டர்னுதான் நினைக்கிறேன்."

என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள்?
"மரத்துப்போற ஊசின்னு சொன்னாங்க. நடுவுல நடுவுல வலிச்சப்ப மறுபடி மறுபடி போட்டாங்க."

டிஸ்சார்ஜ் சம்மரி?
ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். கிராஃப்ட் எண்ணிக்கை 2800, கட்டிய தொகை. அவ்வளவுதான்.

முன்னாடி சுகர் பார்த்தார்களா?
"இல்ல சார். எனக்குத்தான் சுகர் இல்லையே."

பார்த்தோம். 312 இருந்தது.

27 வயதில் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல், தலையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் காயங்களைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் காயம் ஆறுவது தாமதமாகும், கிருமித் தொற்று எளிதாகப் பிடிக்கும். நல்லவேளை, அவருக்குச் சீழ் எதுவும் பிடிக்கவில்லை. சுகருக்கு வைத்தியம் தொடங்கி, தினமும் வந்து காட்டச் சொன்னோம். தப்பித்தார்.

போகும்போது அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

"சார், நான் எஃப்.யூ.இ தானே பண்ணேன்? அதுல ரிஸ்க்கே இல்லைன்னு சொன்னாங்களே?"

பதிலுக்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எம்.பி.பி.எஸ் படித்த அரசு மருத்துவர். முடி நடும் அறுவை சிகிச்சையை நான் செய்வதில்லை. செய்யவும் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். என் தலையிலும் முன்பக்கம் ஏறிக்கொண்டுதான் வருகிறது. எனவே யாரையும் கேலி செய்ய இதை எழுதவில்லை.

*முடி நடுவது என்றால் என்ன?*

புது முடி எதுவும் உண்டாக்கப்படுவதில்லை. இதை முதலில் மனதில் வையுங்கள்.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் முன்நெற்றியிலும் உச்சியிலும் முடி கொட்டும். காதுக்கு மேலேயும் பிடரியிலும் உள்ள முடி நிற்கும். அந்தப் பின்பக்க முடியை வேரோடு எடுத்து முன்பக்கம் வைத்தால், வைத்த இடத்திலும் அது தன் பழைய குணத்தோடேயே வளர்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதை 1959-ல் எழுதினார். இன்றைய எல்லா முறைகளுக்கும் அதுதான் அடிப்படை.

நம்ம செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் தேக்குத் தூண் உளுத்துப் போய்விட்டது. பர்மா தேக்கு இனி வரப்போவதில்லை. பின்கட்டில் இருக்கிற தூணைப் பிடுங்கிக்கொண்டு வந்து முகப்பில் நடுகிறீர்கள். முகப்பு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்கட்டில் எத்தனை தூணைப் பிடுங்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. அவை ஒன்று முதல் நான்கு வரை கொத்துக் கொத்தாக வளரும். ஒரு கொத்துதான் ஒரு கிராஃப்ட். பின்பக்கத்திலிருந்து பத்திரமாக எடுக்கக்கூடியது பலருக்கும் வாழ்நாள் மொத்தத்துக்கும் ஏறத்தாழ 4000 முதல் 6000 கிராஃப்ட்தான். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். எடுத்த இடத்தில் அந்த முடி மறுபடி முளைக்காது.

*எஃப்.யூ.டி*

பிடரியில் இருந்து ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்து, இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தையல் போடுவார்கள். எடுத்த பட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பார்கள்.

நல்லது: கண்ணால் பார்த்துப் பிரிப்பதால் வேர் அறுபடுவது குறைவு. தலை முழுக்க மழிக்க வேண்டியதில்லை. ஒரே தடவையில் நிறைய கிராஃப்ட் கிடைக்கும்.

ரிஸ்க்: காதில் இருந்து காது வரை கோடு மாதிரி ஒரு தழும்பு நிரந்தரமாக இருக்கும். இறுக்கித் தைத்தால் அது அகலமாகிவிடும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு (கீலாய்டு) நம் நிறத்தவர்களிடம் அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ தடிப்பு வந்தவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிடரியில் சில மாதங்கள் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். வலியும் கொஞ்சம் அதிகம். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது.

*எஃப்.யூ.இ*

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குழாய் போன்ற பஞ்ச் கருவியால் ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாகத் தோண்டி எடுப்பார்கள். தையல் இல்லை, கோட்டுத் தழும்பு இல்லை, சீக்கிரம் ஆறும். இன்று அதிகம் நடப்பது இதுதான்.

ஆனால் 'தழும்பே இல்லை' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது பொய். 2000 கிராஃப்ட் எடுத்தால் 2000 புள்ளித் தழும்பு இருக்கும். அளவாக எடுத்தால் முடி மறைத்துவிடும். பேராசைப்பட்டு எடுத்தால் பிடரி பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

தோலுக்குள் வேர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. கை பழகாதவர் தோண்டினால் வேர் பாதியில் அறுபடும். அப்படி அறுபட்டதில் பல முன்பக்கமும் வளராது, பின்பக்கமும் இருக்காது. போனது போனதுதான்.

நேரமும் அதிகம் பிடிக்கும். நேரம் கூடக்கூட மரத்துப்போகும் ஊசியின் அளவும் கூடும். இதைத்தான் ரொம்ப முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கழித்து வருகிறேன்.

*டி.எச்.ஐ, சஃபையர், ரோபோ*

டி.எச்.ஐ என்பது பேனா மாதிரி ஒரு கருவியால் முடியை நடுவது. சஃபையர் என்பது நடும் துளையைப் போடும் பிளேடின் வகை. இரண்டிலும் முடியை எடுப்பது பெரும்பாலும் அதே எஃப்.யூ.இ வழியில்தான். ரோபோ என்றால் தோண்டும் வேலையை இயந்திரம் செய்கிறது, திட்டம் போடுவது மனிதர்தான். பெயர் மாறும்போது விலை மாறுகிற அளவுக்கு ரிஸ்க் மாறுவதில்லை.

செயற்கை நார் முடியை நடுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொற்றும் ஒவ்வாமையும் வந்ததால் அமெரிக்காவில் அதை 1983-லேயே தடை செய்துவிட்டார்கள்.

*மொட்டை போடலாமா டாக்டர்?*

நம்ம பக்கம் அடிக்கடி வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி.

குன்றக்குடிக்கு வேண்டுதல், பழனிக்கு வேண்டுதல், குலதெய்வத்துக்கு முடி இறக்குவது, அப்பா அம்மா காரியம் என்று வாழ்க்கையில் நாலைந்து தடவையாவது மொட்டை போடும் ஊர் நம்முடையது. நட்ட முடி நன்றாக வேர் பிடித்து, ஏறத்தாழ ஒரு வருடம் ஆன பிறகு மொட்டை போட்டால் அது மறுபடி வளரும். ஏனென்றால் வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது.

ஆனால் மொட்டைத் தலையில் எஃப்.யூ.டி-யின் கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எஃப்.யூ.இ-யின் புள்ளிகளும் உற்றுப் பார்த்தால் தெரியும். மொட்டை போடுபவர், பக்கவாட்டில் ஒட்ட வெட்டிக்கொள்பவர் என்றால் எஃப்.யூ.டி பற்றி இரண்டு முறை யோசிக்கவும். முடியை நீளமாக விடுபவருக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. முறையைத் தேர்ந்தெடுப்பது என்றால் இப்படி உங்கள் வாழ்க்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான். ஆஃபர் பார்த்து அல்ல.

*சரி, உயிருக்கு ஆபத்து எதில்?*

இதுவரை சொன்னதெல்லாம் தழும்பு, அழகு சம்பந்தப்பட்டவை. உயிர் போன சம்பவங்களைப் பார்ப்போம்.

2016 மே மாதம், சென்னை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் இறுதியாண்டு படித்த 22 வயது மாணவர். ஒரு தனியார் முடி மாற்று நிலையத்தில் சிகிச்சை செய்துகொண்டார். உடல்நிலை மோசமாகி, வேலூரில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாளில் இறந்து போனார். விசாரணையில் அந்த நிலையத்துக்குச் சலூன் நடத்தத்தான் உரிமம் இருந்தது என்று செய்திகள் வந்தன. பிறகு அதற்குச் சீல் வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். டாக்டராகப் போகிற பிள்ளை. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வசதி இருக்கிறது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்களும் நானும் எம்மாத்திரம்?

2019 மார்ச், மும்பை. 43 வயதுத் தொழிலதிபர். ஒரே மூச்சில் 9000-க்கும் மேல் கிராஃப்ட். இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்து இறந்தார். கடும் ஒவ்வாமை என்று சந்தேகித்தார்கள்.

2025-ல் கான்பூர். முடி நட்ட பிறகு இரண்டு பொறியாளர்கள் இறந்ததாகக் குடும்பத்தார் கொடுத்த புகார்களில் பல் மருத்துவர் ஒருவர் மீது வழக்குப் பதிவானது.

மூன்று ஊர், மூன்று கதை. மூன்றிலும் எழுந்த கேள்விகள்: யார் செய்தார்கள்? எங்கே செய்தார்கள்? ஒரே நாளில் எவ்வளவு செய்தார்கள்? எஃப்.யூ.டி-யா எஃப்.யூ.இ-யா என்று யாரும் கேட்கவில்லை.

*மரத்துப்போகும் ஊசியின் கணக்கு*

லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்போது போடும் அதே ஊசிதான். பாதுகாப்பான மருந்து. ஆனால் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அட்ரினலின் கலந்து போட்டால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். கலக்காமல் போட்டால் 4.5 மில்லிகிராம்.

60 கிலோ எடையுள்ள தம்பிக்கு அட்ரினலினோடு 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது வெறும் 21 மில்லி. அட்ரினலின் இல்லாவிட்டால் 13.5 மில்லிதான்.

தலை முழுக்க, எட்டு மணி பத்து மணி நேரம், "வலிக்குதா? இன்னும் கொஞ்சம் போடு" என்று கணக்கே எழுதாமல் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம் நிற்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு. ஆக்சிஜன், வலிப்பை நிறுத்தும் மருந்து, லிப்பிட் எமல்ஷன், எல்லாவற்றுக்கும் மேலாக இதை உடனே அடையாளம் காணத் தெரிந்த ஒரு டாக்டர். எனவே ஊசி போட்ட பிறகு டாக்டர் கிளம்பிவிட்டால், மருந்தைப் போடும் வேலை மட்டும் நடந்திருக்கிறது, உங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

கிராஃப்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை வைக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டத்தான் ஆசை வரும். "அன்லிமிடெட் கிராஃப்ட், ஒரே நாளில்" என்பது இன்னும் மோசம். அது உங்கள் பின்கட்டுக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

*யார் செய்யலாம்?*

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன்கள், தோல் மருத்துவ நிபுணர்கள் போன்றவர்களின் வேலை இது. ஒர்க்‌ஷாப்பிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் நான் செய்யக் கூடாது என்றேன். எனக்குத் தையல் போடத் தெரியும், லிக்னோகெய்ன் போடத் தெரியும், நள்ளிரவில் விபத்துக் கேஸைப் பார்க்கத் தெரியும். ஆனாலும் இதற்கு அது போதாது. பதினைந்து வருடமாக ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கித் திரியும் எனக்கே போதாது என்றால், மூன்று மாத கோர்ஸ் முடித்தவருக்கு எப்படிப் போதும்?

போகும் முன் இவற்றைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. ஊசி போடுவதும், பின்பக்கம் தோண்டுவதும், முன்பக்கம் துளை போடுவதும் யார்? அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

2. டாக்டர் முடியும் வரை கூட இருப்பாரா, கன்சல்டேஷனில் மட்டும் வருவாரா?

3. மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? சுவரில் மாட்டியிருக்க வேண்டும். சலூன் லைசென்ஸ் அதற்கு ஈடாகாது.

4. ஆக்சிஜன், மானிட்டர், அவசர மருந்துகள் இருக்கின்றனவா? ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்?

5. சுகர், பிரஷர், ரத்தம் உறைதல், எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை செய்கிறார்களா? ஒன்றுமே பார்க்காமல் தேதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

6. என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பார்களா?

*யாருக்கு வேண்டாம்?*

22, 23 வயதுத் தம்பிகளே, பொறுங்கள். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இன்னும் தெரியாது. இப்போது முன்நெற்றியில் தாழ்வாக ஒரு வரிசை நட்டுவிட்டால், நாற்பது வயதில் அதற்குப் பின்னால் இருப்பது கொட்டி, நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். அப்போது பின்கட்டில் தூண் மிச்சம் இருக்காது.

பூச்சிவெட்டு என்று சொல்லும் வட்ட வட்டமான சொட்டை, தழும்பாகும் வகை முடி உதிர்வு ஆகியவற்றுக்கு நடுவது வைத்தியம் அல்ல. டெங்கு, டைபாய்டு, பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது தானாகவே திரும்பிவிடும். பெண்களுக்குக் கொட்டினால் முதலில் ரத்தசோகை, தைராய்டு பாருங்கள்.

முதல் வைத்தியம் மருந்துதான். மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு. குறைந்தது ஆறு மாதம் போட்டால்தான் பலன் தெரியும். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்தியத்திலும் மனநிலையிலும் பிரச்சனை தரலாம். எனவே நீங்களாக மெடிக்கலில் வாங்கக் கூடாது. முடி நட்டாலும், இருக்கிற முடியைக் காப்பாற்றப் பலர் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். எந்த வகை உதிர்வு என்று தெரிந்துகொள்ள சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வாருங்கள். காசு செலவில்லை.

*ஏற்கெனவே செய்துவிட்டவர்களுக்கு*

நெற்றி, கண் வீக்கம் சில நாளில் வற்றும். நட்ட முடி இரண்டாவது வாரத்தில் இருந்து கொட்டும். பயப்பட வேண்டாம், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

ஆனால் காய்ச்சல், குளிர், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, நட்ட இடம் கறுத்துப்போவது, மூச்சுத் திணறல், படபடப்பு, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் அந்த சென்டருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். "முடி நட்டேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நாங்கள் திட்ட மாட்டோம்.

தகுதியானவர் கையில், அளவோடு செய்தால் எஃப்.யூ.டி, எஃப்.யூ.இ இரண்டுமே பாதுகாப்பானவைதான். நன்றாகச் செய்துகொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் ஏராளம். தகுதியில்லாதவர் கையில் இரண்டுமே ஆபத்து. ஆளையும் இடத்தையும் முதலில் பாருங்கள். முறையை அவரோடு உட்கார்ந்து பிறகு முடிவு செய்யலாம்.

கடைசியாகப் பெண் வீட்டாருக்கும் ஒன்று. அந்தத் தம்பியின் அம்மா கிளம்பும்போது சொன்னார், "ரெண்டு இடத்துல தலையப் பாத்துட்டே வேணாம்னுட்டாங்க டாக்டர்." அந்த இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளையின் முடியைப் பார்த்தார்கள். சுகரை யாரும் பார்க்கவில்லை.



பொது மருத்துவர்
சிவகங்கை